வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் "நல்லா இருக்கோம்" என்று சொல்லாதீர்கள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பதினைந்து வருடமாகச் சமூகப் பணி செய்கிறேன். 2023 இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணம் வந்ததிலிருந்து என்னிடம் அதிகமாக வருகிற கேள்வி ஒன்றுதான்: "பக்கத்துக் காம்பராவுக்குக் கிடைச்சிருக்கு மிஸ், எங்களுக்கு ஏன் இல்ல?"

லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, அதில் ஒரு குடும்பம் இருக்கும் பகுதிதான் காம்பரா. இதற்கான பதிலில் ஒரு பகுதியை நான் ஒரு லயத்து இஸ்தோப்பிலேயே, அதாவது முன் திண்ணையிலேயே பார்த்தேன். கணக்கெடுக்க ஒரு தம்பி வந்திருந்தார், கையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுப் பதிந்துகொண்டிருந்தார். அந்த வீட்டு அக்கா கொழுந்து எடுப்பவர், கணவர் முதுகில் அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறார், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் மகளின் இரண்டு பிள்ளைகளும் இவரோடுதான். "எப்படிம்மா, சமாளிக்கிறீங்களா?" என்று அந்தத் தம்பி கேட்டபோது அக்கா சிரித்துக்கொண்டே "சாமி புண்ணியத்துல நல்லா இருக்கோம் தம்பி" என்றார். அதே நேரம் பேத்தி ஒரு சின்னக் கிண்ணத்தோடு பக்கத்துக் காம்பராவுக்குப் போய்ச் சீனி வாங்கிக்கொண்டு வந்ததையும் நான் பார்த்தேன். வந்தவருக்குப் பால் மா போட்ட தேநீர், சீனியோடு. வீட்டில் மற்ற எல்லோருக்கும் வெறும் சாயத்தண்ணி.

அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்த தம்பிக்கு அந்த வீட்டுக் கஷ்டம் எப்படித் தெரியும்? பட்டியல் வந்தது, அக்காவின் பெயர் இல்லை.

நம் ஆட்கள் பொய் சொல்லி வாங்குகிறார்கள் என்று ஊரில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நான் இத்தனை வருடத்தில் கண்டது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. வீட்டுக்கு வந்த மனிதனிடம் இல்லை என்று சொல்ல வாய் வராமல், இருக்கிறது என்று சொல்லி இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த மானம் பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அஸ்வெசும யாருடைய தர்மமும் கிடையாது, 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வருகிறது. சட்டப்படி உரியதைக் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை நான் எத்தனை லயத்தில் சொல்லியிருப்பேனோ தெரியாது, இன்னும் சொல்வேன்.

இரண்டாவது பிரச்சினை கேள்விகளிலேயே இருக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு வகையில் 22 குறிகாட்டிகளை வைத்துத்தான் ஒரு குடும்பத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். மாதம் எத்தனை யூனிட் கரண்ட் என்பதும் அதில் ஒன்று. தனி வீட்டில் இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். அந்த அக்காவின் லயத்தில் ஒரு மீட்டரிலிருந்து மூன்று காம்பராவுக்கு லைட் எரிகிறது, பில் அக்காவின் பெயரில் வருகிறது, மற்ற இரண்டு வீடும் மாதக் கடைசியில் காசைக் கொண்டுவந்து கொடுக்கும். காகிதத்தில் பார்த்தால் மூன்று குடும்பத்தின் யூனிட்டும் அக்கா ஒருவருடைய கணக்கில் ஏறிக் கிடக்கிறது. "ஏங்க்கா அன்றைக்கே இதைச் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா லைன வெட்டிட்டுப் போய்ட்டா என்ன செய்றது மிஸ்?" என்றார். நியாயமான பயம்தானே!

வருமானமும் அப்படித்தான். தோட்டத்தில் நிரந்தர வேலை என்றதும் வெளியில் இருப்பவர்கள் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளத்தை எடுத்து இருபத்தைந்தால் பெருக்கிவிடுகிறார்கள். சொன்ன கிலோ கொழுந்து வந்தால்தான் முழுப்பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், குறைந்தால் பாதிதான், அது அரைப்பேர், வறட்சியில் கொழுந்தே இல்லாத வாரங்களும் இருக்கின்றன. அதற்கு மேல் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), தொழிற்சங்கச் சந்தா, வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் கழிந்து கைக்கு என்ன வருகிறது என்பது சம்பளத் துண்டைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் யாராவது மேன்முறையீடு எழுத வந்தால் நான் முதலில் கேட்பது கடைசி ஆறு மாதத் துண்டுகளைத்தான். "நாங்கள் மிகவும் வறியவர்கள், தயவுசெய்து உதவவும்" என்று எழுதினால் படிப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. "மார்ச் மாதம் 11 பேர், அதில் 4 அரைப்பேர், கையில் வந்தது இவ்வளவு" என்று எழுதி, துண்டின் பிரதியை இணைத்துக் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் இன்னொரு பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். பெயர் ஏன் விடுபட்டது என்று சொல்ல மறுத்தால், 2016 இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடலாம், தகவல் தருவார்களா மாட்டார்களா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர்தான் எழுதிக்கொள்ள வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. அப்புறம், தமிழில் எழுதுங்கள். 13 ஆவது திருத்தம் வந்த 1987 இலிருந்து தமிழும் அரச கரும மொழிதான், சிங்களத்தில் எழுதிக்கொடுக்க ஆளுக்குக் காசு கொடுத்துத் திரிய வேண்டியதில்லை.

இனி என்னைப் போல இந்த வேலையில் இருப்பவர்களுக்கு. மேலே சொன்ன மீட்டர் விஷயத்தை நான் கூட்டங்களில் பல தடவை சொல்லியிருக்கிறேன், "பகிரப்பட்ட மின் இணைப்புகளால் ஏற்படும் தவறான மதிப்பீடு" என்று அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன், தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். போன வருடம் ஒரு கூட்டத்தில் நான் பேசாமல் அந்த அக்காவைப் பேச விட்டேன். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ஷாப்பிங் பையிலிருந்து கரண்ட் பில்லையும் சம்பளத் துண்டுகளையும் எடுத்து மேசையில் ஒவ்வொன்றாக வைத்து, நாலு நிமிடம்தான் பேசியிருப்பார். "சேர், இந்த பில்லுல எங்க வீட்டு பல்பு ரெண்டுதான் இருக்கு, மத்ததெல்லாம் மத்த வீட்டு பல்பு." அங்கிருந்த உத்தியோகத்தர் பேனாவை எடுத்து, ஒரு லயத்தில் எத்தனை மீட்டர், யார் பெயரில், எத்தனை குடும்பம் என்று திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். என்னுடைய அறிக்கைக்கு ஒருநாளும் யாரும் கேள்வி கேட்டதில்லை.

ஆனால் அப்படி ஒருவரைப் பேசக் கூப்பிடுவதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு நாள் டவுனுக்கு வந்தால் அவருக்கு ஒரு பேர் போகிறது, அந்தக் காசையும் பஸ் காசையும் கொடுக்காமல் "பங்கேற்பு" என்று நாம் எழுதிக்கொள்வது அநியாயம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று நினைத்துக் கூட்டம் வைக்காதீர்கள், பலர் அன்றைக்குத்தான் கைக்காசுக்கு, அதாவது கிலோவுக்குக் காசு வாங்கும் கொழுந்து வேலைக்குப் போவார்கள். தனியாகக் கூப்பிடாதீர்கள், துணைக்கு இன்னொருவர் வரட்டும். போட்டோ வேண்டவே வேண்டாம்: பாட்டி கூட்டத்தில் கஷ்டம் சொன்ன படம் பேஸ்புக்கில் வந்தால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவருடைய பேரப்பிள்ளையின் நிலை என்ன என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். லைனை வெட்டிவிடுவார்களோ என்பது போன்ற பயம் உள்ள விஷயத்தைத் தனி ஒருவர் தலையில் போடாமல், லயத்தில் உள்ள எல்லோரும் சேர்ந்து கையெழுத்து வைத்த கடிதமாகக் கொடுங்கள், அதற்குப் பிறகுதான் அந்த அக்காவே பேச ஒத்துக்கொண்டார். முக்கியமாக, அழுகிற கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். எதை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள், அவர்கள் அதற்கு எப்போதோ பதில் யோசித்து வைத்திருப்பார்கள்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த அக்கா அதைத்தான் சொன்னார். "ஃபோர்ம்ல மீட்டர் யார் பேருல இருக்குன்னு கேக்குறதோட நிறுத்தாம, அதுல எத்தன அடுப்பு எரியுதுன்னு ஒரு கேள்வி சேக்கச் சொல்லுங்க மிஸ்." அடுத்த கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பக்கத்து லயத்திலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரலாமா, அவர்களுக்கும் பஸ் காசு கிடைக்குமா என்று கேட்டார்.