தொட்டி இருந்தும் குப்பை ஏன் கீழே கிடக்கிறது?

பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் குப்பை என்றதும், "இன்னும் நாலு தொட்டி வைக்கலாம்" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான். டிசைன் திங்கிங் என்பது, பயன்படுத்துபவர்களின் தேவையைப் புரிந்துகொண்டு அதற்கேற்ற தீர்வைத் தேடும் முறை. அதில் இந்த அவசரத்துக்குக் கடிவாளம் போடவே ஒரு கட்டம் உண்டு: சிக்கலை வரையறுத்தல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள வடிவமைப்புப் பயிற்சி மையமான டி.ஸ்கூல் பரப்பிய 5 கட்டங்களில் இது இரண்டாவது. முதலில் சம்பந்தப்பட்டவர்களைக் கவனித்து, அவர்களிடம் பேசிக் குறிப்பெடுக்க வேண்டும். யோசனை, மாதிரி, சோதனை எல்லாம் அப்புறம்தான்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் விசாரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். "தொட்டி எங்கே இருக்குன்னு தெரியும். எழுந்து போனா, தோழிங்க பக்கத்துல இருக்கிற என் இடத்துல வேற யாராவது உட்கார்ந்துடுவாங்க" என்கிறாள். சரி, அப்படியானால் இன்னும் நாலு தொட்டி வாங்கி என்ன பயன்?

கேட்டதை இப்போது ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். யாருக்கு, என்ன தேவை, ஏன் என்ற மூன்றும் அதில் வர வேண்டும். 'கூட்ட நேரத்தில் சாப்பிடும் மாணவி, இடத்தை விடாமலே குப்பையைப் போட வேண்டும். ஏனென்றால் தோழிகளோடு உட்காருவது அவளுக்குச் சுத்தத்தைவிட முக்கியம்.' இந்த 'ஏனென்றால்' பகுதியில்தான் பலரும் தடுமாறுவார்கள். தெரிந்ததையே திரும்ப எழுதாமல், பேசிப் பார்த்ததால் மட்டுமே தெரியவந்ததை அங்கே எழுத வேண்டும்.

வரையறை மாறினால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உண்மைக் கதை. 2007இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் குழு ஒன்று, விலை குறைந்த இன்குபேட்டர் (குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் மருத்துவமனைக் கருவி) செய்யும் வேலையை எடுத்துக்கொண்டது. நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தால், குறைமாதக் குழந்தைகள் பலர் மருத்துவமனையிலிருந்து வெகுதூரத்தில், கிராமங்களில் பிறக்கிறார்கள்; மின்சாரத்தையும் நம்ப முடியாது. ஆகவே கேள்வியையே மாற்றினார்கள்: கிராமத்துத் தாய் தன் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்க என்ன வழி? அதிலிருந்து வந்ததுதான் எம்பிரேஸ். பார்க்கச் சின்னத் தூக்கப்பை. உள்ளே மெழுகு போன்ற பொருள் அடைத்த உறை. அதைச் சூடாக்கி உருக்கி வைத்தால், மெல்ல உறையும்போது சுமார் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைச் சில மணி நேரம் காக்கும்.

நீங்கள் எழுதிய வாக்கியம் தேறுமா என்று பார்க்க, அதை வேறொரு குழுவிடம் கொடுங்கள். எல்லோரும் ஒரே யோசனையைச் சொன்னால், விடையை நீங்களே உள்ளே ஒளித்துவைத்திருக்கிறீர்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றாவிட்டால் கேள்வி அளவுக்கு மீறி விரிந்துவிட்டது. 'பள்ளியைச் சுத்தமாக்குவது எப்படி' என்பது அந்த ரகம். ஏழெட்டு யோசனைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.