கவர்னர்: சுக்கான் பிடித்தவரின் பெயர்

கவர்னர் என்றதும் மாளிகையும் காவலர் அணிவகுப்பும் நம் கண்முன் வருகின்றன. சொல் பிறந்த இடமோ கடல். கிரேக்கத்தில் 'குபெர்னான்' என்றால் கப்பலைச் செலுத்துதல். சுக்கான் பிடிப்பவன் 'குபெர்னேத்தேஸ்'. லத்தீன் அவனை 'குபெர்னாத்தோர்' ஆக்கியது; பிரெஞ்சு வழியாகச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. சைபர் குற்றம் என்கிறோமே, அந்தச் சைபரும் இதே வேரில் கிளைத்ததுதான்.

பழந்தமிழில் கப்பலைச் செலுத்துபவன் மீகாமன். கடல் வணிகன் நாய்கன். கண்ணகியின் தந்தை மாநாய்கன். இந்த இருவரையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கவர்னர் எப்படிப்பட்ட நிலையில் இருந்தார் என்பது விளங்கிவிடும். நாய்கர்கள் லண்டனில்; மீகாமன் புனித ஜார்ஜ் கோட்டையில். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஒரு கடிதம் வந்துசேரப் பல மாதங்கள் ஆகும். பதில் வருவதற்குள் இங்கே காரியம் முடிந்திருக்கும். பழி மட்டும் மிச்சமிருக்கும்.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணைகள் அவர்களைச் சுட்டிருந்தன. ஆணைகள் தளபதி கிரடாக்குடையவை. ஆனாலும் அவற்றுக்குத் துணைநின்ற கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் சேர்த்தே 1807இல் லண்டன் திருப்பி அழைத்தது.

அடுத்த நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்து, லண்டனில் இந்தியாவுக்கென்றே ஓர் அமைச்சர் அமர்ந்தார். 1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், அதற்கு முன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் லண்டன் கருவூலத்தில் உயர் அதிகாரியாக இருந்து மற்றவர்களின் செலவுக் கணக்கைப் பார்த்தவர். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது அவர் காட்டிய இறுக்கத்தை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் சென்னையில் அவர் செய்ததை மதிக்கிறேன். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு காலியாகிக் கிடந்த கஜானாவை நிரப்ப, அன்றைய தலைநகர் கல்கத்தாவில் வைஸ்ராயின் ஆலோசனைச் சபையில் நிதியைக் கவனித்த உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் வருமான வரியைக் கொண்டுவந்தார். புது வரி வேண்டாம், செலவைக் குறையுங்கள் என்று ட்ரெவெல்யன் குறிப்பு எழுதினார். எழுதியதோடு விட்டிருந்தால் அது கோப்பில் உறங்கியிருக்கும். அவரோ அதைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார். மேலிடத்தோடு முரண்படுவதை லண்டன் பொறுத்துக்கொண்டிருக்கும். ஊரறிய முரண்படுவதைப் பொறுக்கவில்லை. அமைச்சர் சார்லஸ் வுட் அதே ஆண்டில் அவரைத் திருப்பி அழைத்தார். சில ஆண்டுகளுக்குள் ட்ரெவெல்யனே கல்கத்தாவுக்கு நிதி உறுப்பினராக வந்தார். அவர் பொறுப்பில் இருந்தபோதே, 1865இல், அந்த வருமான வரி முடிவுக்கு வந்தது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அந்தக் காலத்து மக்கள் 'கவர்னர் துரை' என்றார்கள். இலங்கையில் 'தேசாதிபதி' என்ற சொல் வழங்கியது. அது பொருந்தாது என்பேன்: அதிபதி என்றால் தலைவன், லண்டனிலிருந்து வரும் ஒரு கடிதத்தில் பதவி போய்விடக்கூடியவரை அப்படிச் சொல்வது மிகை. 'ஆளுநர்' என்பதே நிலைத்த சொல், தக்க சொல். ஆளுதல் என்ற தொழிலை அது சொல்கிறது. நாடு அவருடையது என்று சொல்லவில்லை. வாழ்நர், பொருநர் என்று பழம்பாடல்களில் வரும் அதே 'நர்' விகுதிதான் இங்கும் இருக்கிறது. ஆகவே 'ஆளுனர்' என்று எழுதுவது பிழை. கம்பெனிக் காலத்தில் லண்டனில் உட்கார்ந்து சென்னை ஆளுநருக்கு ஆணையிட்டவர்களையும் இதே விகுதியால்தான் இன்று குறிக்கிறோம்: இயக்குநர்கள். அங்கும் 'ன' வராது.