கரண்ட் போனதும் கணக்கு எங்கே போனது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் நாங்கள் நடத்தும் சின்னக் கணினி வகுப்பில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கடலுக்குள் பாசி எடுக்கப் போகிறவர்கள். அவர்களில் ஒரு அக்கா தங்கள் குழுவின் கணக்கை அடித்துக்கொண்டிருந்தார். யார் எத்தனை கிலோ, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியது, காய்ந்த பாசி எந்தத் தேதியில் வாடிக்குப் போனது, எல்லாம். ஒரு விரலால் தேடித் தேடித் தட்டியதில் ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. சட்டென்று கரண்ட் போய்விட்டது.

பத்து நிமிடத்தில் திரும்ப வந்தது. கணினியும் எழுந்துகொண்டது. கணக்கை அடித்துக்கொண்டிருந்த நோட்பேட் செயலியைத் திறந்தால் வெறும் வெள்ளை.

"இம்புட்டு நேரம் கண்ணு முன்னாடிதானே தம்பி இருந்துச்சு. எங்க போச்சு?"

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. மவுஸை எப்படிப் பிடிப்பது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சொல்லிக்கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அடித்தது எங்கே தங்குகிறது, எங்கே போகிறது என்று சொல்பவர்கள் குறைவு. அது புரிந்துவிட்டால் மீதியில் பாதி தானாகவே பிடிபடும். அன்றைக்கு அந்த அக்காவிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கணினிக்குள் எழுத்து தங்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நினைவகம், அதாவது ரேம். இன்னொன்று ஹார்ட் டிஸ்க், புதிய மடிக்கணினிகளில் சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. நாம் தட்டுவதெல்லாம் முதலில் போய் விழுவது நினைவகத்தில்தான். அந்தச் சில்லுக்குள் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கிற மிகமிகச் சிறிய அறைகள் இருக்கின்றன. ஓர் அறையில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 4 ஜி.பி. நினைவகத்தில் இப்படி 3,400 கோடிக்கும் மேற்பட்ட அறைகள். ஆனால் ஒவ்வோர் அறையும் ஓட்டைக் குடம். ஊற்றி வைத்தது ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை ஒவ்வோர் அறையும் படிக்கப்பட்டு, நிரம்பியிருந்தது மறுபடி நிரப்பப்படுகிறது. நொடிக்குப் பதினைந்து தடவை, கணினி ஓடுகிற நேரம் முழுக்க, இந்த வேலை நமக்குத் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கிறது. நிரப்பக் கரண்ட் வேண்டும். கரண்ட் நின்றது, நிரப்புவதும் நின்றது. சில நொடிகளில் எல்லா அறையும் வற்றிவிடும். அக்காவின் கணக்கு எங்கேயும் ஓடிப்போகவில்லை, இருந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

ஹார்ட் டிஸ்க் அப்படி இல்லை. அங்கே 1, 0 என்பதெல்லாம் சுழலும் தட்டின் மேல் பூசிய காந்தப் படலத்தில், காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதாகப் பதிந்திருக்கும். கரண்ட் போனாலும் காந்தம் திரும்பிக்கொள்ளாது.

கரைக்கு வந்த மீனைத் தார்ப்பாயில் கொட்டித் தரம் பிரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டும்படி பரப்பி வைத்தால்தான் வேலை வேகமாக நடக்கும். அப்படியே விட்டுவிட்டால் வெயிலில் கெட்டுப்போகும். ஐஸ் பெட்டிக்குள் போனதுதான் நாளைக்கு மிஞ்சும். நினைவகம் தார்ப்பாய், டிஸ்க் ஐஸ் பெட்டி. சேவ் செய்வது என்றால் அள்ளி ஐஸில் போடுவது.

இதைச் சொன்னதும் அக்கா கேட்டார்: "அப்ப எல்லாத்தையும் நேரா ஐஸ் பெட்டியிலயே போட்டா என்ன?"

சரியான கேள்வி. தடை வேகம்தான். ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்தைத் தேடிப் போக, அதன் முள் நகர்ந்து, தட்டு சுழன்று வந்து சேர பத்து மில்லிநொடி அளவுக்கு ஆகும். நினைவகம் அதே பதிலை ஏறக்குறைய லட்சம் மடங்கு வேகத்தில் கொடுத்துவிடும். அதனால் வேலை தார்ப்பாயில், சேமிப்பு பெட்டியில் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எக்ஸெல், லிப்ரே ஆபிஸ் போன்ற செயலிகள் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவே ஒரு பிரதி எடுத்து வைக்கும். எங்கள் பழைய கணினியின் நோட்பேடுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கன்ட்ரோல் பொத்தானை அமுக்கிக்கொண்டு எஸ் தட்டுவது ஒன்றுதான் வழி.

இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே நிற்கிற மேஸ்திரிக்குப் பெயர்தான் இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓ.எஸ். எல்லாம் இந்த வேலைக்காரர்கள்தான். நோட்பேட் தானாக டிஸ்க்கைத் தொட முடியாது. "இந்தப் பெயரில் இதை எழுதி வை" என்று இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். இயங்குதளம் டிஸ்க்கில் காலி இடம் பார்த்து எழுதிவிட்டு, ஒரு பேரேட்டில் குறித்துக்கொள்ளும்: இந்தப் பெயர், இந்தத் தேதி, இத்தனை பைட் (எட்டு 1, 0 சேர்ந்தது ஒரு பைட்), இன்ன இடம். நாம் திரையில் பார்க்கும் ஃபோல்டர் எல்லாம் அந்தப் பேரேட்டுப் பக்கங்களின் படம்தான்.

கையோடு ஒரு சோதனை செய்து பாருங்கள். இப்போதைய விண்டோஸின் நோட்பேடில் 'கடல்' என்று மட்டும் அடித்து சேவ் செய்யுங்கள். அந்த ஃபைலின் மேல் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி, ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் அளவு 12 பைட் என்று இருக்கும். நாம் பார்ப்பது மூன்று எழுத்து. கணினி எண்ணுவது நான்கு: க, ட, ல, அப்புறம் லகரத்தின் தலையில் வைத்த புள்ளி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளிக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணைப் பதிந்து வைக்க இப்போது வழக்கத்தில் உள்ள யு.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். நான்கு மூன்று பன்னிரண்டு. பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள், புள்ளி மட்டும் போய் 'கடல' என்று நிற்கும். எங்கள் வகுப்பில் இந்த ஒரு விஷயம் எல்லோரையும் முன்னால் சாய்ந்து பார்க்க வைத்தது.

சரி, டெலீட் செய்தால்?

பெரும்பாலானவர்கள் பயப்படுவது இதற்குத்தான். தெரியாமல் அமுக்கிவிட்டால் எல்லாம் போய்விடுமோ என்று விரலே நடுங்கும். கணினியின் சொந்த டிஸ்க்கில் உள்ள ஃபைலை டெலீட் செய்தால், விண்டோஸ் அதை ரீசைக்கிள் பின் என்ற மறைவான இடத்துக்குப் பெயர் மாற்றிக் கொண்டுபோய், முதலில் எங்கே இருந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்து வைக்கிறது. ரீஸ்டோர் கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பின்னைக் காலி செய்தால்கூட ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் எழுத்து உடனே அழிவதில்லை. பேரேட்டில் "இந்த இடம் காலி" என்று மட்டும் மாற்றப்படும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பழையது கிடக்கும். தொலைந்த கல்யாண ஃபோட்டோக்களைச் சிலர் மீட்டுக் கொடுப்பது இப்படித்தான். அதனால் முக்கியமானதை அழித்துவிட்டால் அந்தக் கணினியில் வேறு எதையும் எழுதாமல் கையை எடுத்துவிட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் இந்த நம்பிக்கை வேண்டாம். காலி என்று குறித்த இடங்களை அது தானே துடைத்து வைத்துக்கொள்ளும், மீட்பது கடினம்.

பென் டிரைவ் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் டெலீட் செய்தது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். இன்னொன்று, காப்பி முடிந்ததாகத் திரை சொன்ன பிறகும் சில நேரம் கடைசிக் கூடை தார்ப்பாயிலேயே இருக்கும். பேரேட்டில் பாதி எழுதியிருக்கும்போது பிடுங்கினால் முழு டிரைவும் குழம்பிப்போகலாம். 'எஜெக்ட்' என்பது "கையில் இருப்பதை எல்லாம் போட்டு முடி, நான் எடுக்கப் போகிறேன்" என்று சொல்லும் சொல். அதைச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று இருக்கிறது. "எனக்கெல்லாம் இது மண்டையில ஏறாது தம்பி" என்று வகுப்பில் முதல் நாள் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கேட்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். காற்று திரும்புவதைக் கன்னத்தில் பட்டதும் சொல்கிறவர்கள், கலங்கிய தண்ணீருக்குள்ளும் எந்தப் பாறையில் எந்தப் பாசி என்று தெரிந்தவர்கள், இந்தப் பெண்கள். ஏறாதது மண்டையில் குறை இருப்பதால் இல்லை. அந்தத் திரையில் உள்ள படங்கள் இவர்கள் புழங்காத இடத்திலிருந்து வந்தவை.

டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1960-களில் மரத்தால் ஆன முதல் மவுஸை வடிவமைத்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கூட்டத்தின் முன் மவுஸை இயக்கிக் காட்டினார். அப்புறம் அதே கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1973-ல் ஆல்ட்டோ என்ற கணினி பிறந்தது. 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார், அலுவலக ஊழியர்களுக்காகவே செய்யப்பட்டது. அவர்கள் மேசையில் இருந்த காகிதம், கோப்பு உறை, தபால் தட்டு எல்லாம் அப்படியே திரையில் படமாக வந்தன. 1984-ல் மேக்கின்டாஷ், 1995-ல் ஸ்டார்ட் பொத்தானும் ரீசைக்கிள் பின்னும் கொண்ட விண்டோஸ் 95 என்று அதே மேசை உலகம் முழுக்கப் பரவியது. சேவ் பொத்தானில் உள்ள சதுரப் படம் 1.44 எம்.பி. மட்டுமே கொள்ளும் ஃபிளாப்பி. இன்றைக்குப் பிள்ளைகள் அதை நேரில் பார்த்ததே இல்லை. டிஸ்க்கின் பெயர் சி என்று தொடங்குவதும் ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்காக ஒதுக்கப்பட்டிருந்ததால்தான். ஆகவே அந்த மேசை நமக்குப் புதிதாகத் தெரிவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நான் ஃபோல்டரை ஓலைப்பெட்டி என்றுதான் சொல்லித்தருகிறேன். பெட்டிக்குள் சின்னப் பெட்டி, அதற்குள் இன்னும் சின்னது. உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

டபுள் கிளிக்கும் அப்படித்தான். விண்டோஸ் வழக்கமாக இரண்டு தட்டுக்கு நடுவே அரை நொடி மட்டும் பொறுக்கும். அதைத் தாண்டினால் இரண்டு தனித்தனித் தட்டு என்று எடுத்துக்கொள்ளும். தட்டும்போது அம்புக்குறி கொஞ்சம் நகர்ந்தாலும் கணக்கில் சேராது. பாறையும் பவளமும் கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் பாசி பறித்த விரல் அது. காய்த்துப்போயிருக்கும், இரண்டாவது தட்டு தாமதமாகத்தான் வரும். மவுஸ் அமைப்பில் அந்த வேகத்தைக் குறைத்து வைக்கலாம். இல்லாவிட்டால் ஒருமுறை தட்டிவிட்டு என்டரை அமுக்கினால் போதும், ஃபைல் திறந்துவிடும். இந்த வழியை முதல் நாளே சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி.

கணினி திணறும்போது என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாம்பன் ரயில் பாலத்தில் தூக்கு ஏறியிருந்தால் ரயில் நிற்க வேண்டும், ரயில் வந்தால் கப்பல் நிற்க வேண்டும். கணினியின் மூளையான பிராசசர் சில்லின் ஒரு மையமும் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் கடக்க விடும். இயங்குதளம் மில்லிநொடிக் கணக்கில் முறை மாற்றி மாற்றி விடுவதால் பாட்டும் ஓடுகிறது, எழுத்தும் ஓடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு செயலி ஐந்து நொடி வரை பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் அதன் தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று போடும். அப்போது பொறுமை இழந்து பத்து தடவை தட்டினால் பத்தும் வரிசையில் நிற்கும், மூச்சு வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். அப்படியும் நகராவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் வரும் பட்டியலில் அந்தச் செயலியை மட்டும் நிறுத்தலாம்.

அக்கா மறுநாள் வந்து கணக்கை முதலிலிருந்து அடித்தார். முதல் வரி அடிப்பதற்கு முன்பே பெயர் வைத்து சேவ் செய்யச் சொன்னேன். 'பாசி ஐப்பசி' என்று வைத்தார். ஒவ்வொரு பெயர் முடிந்ததும் இடது கையின் சுண்டு விரல் கன்ட்ரோலைத் தேடிப் போனது. நாலாவது நாள் மறுபடி மழை, மறுபடி கரண்ட் போனது. இருட்டில் யாரும் பேசவில்லை. அப்புறம் அக்காவின் குரல் வந்தது.

"பதினேழு பேரு ஐஸ்ல இருக்கு தம்பி. பதினெட்டாவது ஆளு மட்டும் தார்ப்பாயில."

விளக்கு வந்ததும் திறந்து எண்ணினோம். பதினேழு இருந்தது.