கல்லறைக் கல்லில் ஆசிட் ஊற்றாதீர்கள்

நவம்பர் 2, இறந்தவர்களை நினைத்துக் கிறிஸ்தவர்கள் கும்பிடும் கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் எல்லாரும் கல்லறையைக் கழுவிச் சுத்தம் செய்ய இறங்குவார்கள். புரட்டாசி முடியும்போதே எனக்குப் பயம் வந்துவிடும். பழைய கல், சுண்ணாம்புக் கட்டுமானம் இவற்றைச் சரிசெய்வதுதான் என் தொழில். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இந்த மாதத்தில் எத்தனை கற்கள் கெடப்போகின்றன என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

இந்த முறை கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். "தம்பி, கல்லு பளிச்சுன்னு இருக்கு. எழுத்து மட்டும்தான் காணோம். அதை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க." போய்ப் பார்த்தேன். அவருடைய தாத்தாவின் அப்பாவுக்கு வைத்த பளிங்குக் கல். கூலிக்கு வந்தவர் ஆசிட்டை ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் அரை மணி நேரம் தேய்த்திருக்கிறார். பெயரில் பாதி இல்லை, ஊர் முழுவதும் இல்லை, ஆண்டில் 18 மட்டும் மிச்சம். இந்தப் பருவத்தில் நான் பார்க்கும் நான்காவது கல் இது.

எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "கல்லுதானே, என்ன ஆகும்?" இதற்கு எத்தனை முறை பதில் சொன்னாலும் போதவில்லை. மறுபடியும் சொல்கிறேன். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். சோழியும் கிளிஞ்சலும் முட்டை ஓடும் அதேதான். வீட்டில் ஒரு சோழியை எலுமிச்சைச் சாற்றில் போட்டு வையுங்கள், நுரை கிளம்பும். கழிவறை கழுவ வாங்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம், எலுமிச்சையைவிடப் பல மடங்கு கடுமை. அதைப் பளிங்கில் ஊற்றியதும் பொங்கும் நுரையைப் பார்த்து "அழுக்கு கிளம்புது" என்று சந்தோஷப்படுகிறார்கள். அது அழுக்கு இல்லை, ஐயா. கல்தான் கரைந்து போகிறது! கீழே தெரியும் வெள்ளை, சுத்தமான பழைய கல் இல்லை. தோல் உரிந்த புதுப் புண். கைவைத்துப் பாருங்கள், சர்க்கரை போல நெருநெருவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த மழைக்கே பாசி இரண்டு மடங்கு ஏறும். அடுத்த அக்டோபரில் மறுபடி ஆசிட். வெட்டிய எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். எத்தனை வருடம் தாங்கும்? ஈயம் இறக்கிய எழுத்தாக இருந்தால் சுற்றியுள்ள பளிங்கு கரைந்து எழுத்தே தனியாக விழுந்துவிடும்.

கருங்கல் ஆசிட்டில் அப்படிக் கரையாது, உண்மைதான். ஆனால் அதற்குள் இருக்கும் இரும்பு வெளியே வந்து மஞ்சளாகக் கறை கட்டும், இணைப்பில் உள்ள சுண்ணாம்புச் சாந்து போய்விடும்.

'தானே' புயலில் மரம் விழுந்து மூன்று துண்டான கல்லை ஒட்டி நிறுத்தியிருக்கிறேன். உடைந்ததை ஒட்டலாம். கரைந்ததை எங்கே போய்த் தேடுவது?

நம் கடலூர் சின்ன ஊர்தான். ஆனால் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியதும், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊர்களை அதோடு சேர்த்துக்கொண்டதும் இங்கேதான். அவற்றைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது கம்பெனியின் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கு வந்து 1752 வரை இருந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1783 ஜூனில் நகருக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, வெளியே ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் என்று பெரிய சண்டை. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்த பிறகுதான் ஓய்ந்தது. அதில் செத்த சிப்பாய்களில் பெரும்பாலோருக்குக் கல் கிடையாது.

துரைமார்களின் கல்லறைக் கல்வெட்டுகளை 1905-ல் மெட்ராஸ் அரசு அச்சகம் பட்டியலாகவே போட்டுவிட்டது. கல் போனாலும் வாசகம் புத்தகத்தில் இருக்கும். நம் ஆட்களுக்கு அது இல்லை. உபதேசியார், உபாத்தியாயர், குமாஸ்தா, பிரசவத்தில் போன பெண், அம்மையில் போன குழந்தை, இவர்கள் பெயர் வெளியில் தெரியும் ஒரே இடம் பல சமயம் அந்தக் கல்தான். அதில் உள்ள தமிழ் எழுத்தும் நமக்குச் சொத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போல வளைந்த லை, ணை, சில கற்களில் புள்ளியே இல்லாத மெய்யெழுத்து. "எழுத்துப் பிழை" என்று நினைத்து அதை உளியால் திருத்தி வெட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் போட்டோ எடுங்கள். காலை ஏழு, எட்டு மணிக்கு வெயில் பக்கவாட்டில் விழும்போது, மங்கிய எழுத்தும் நிழலோடு எழும்பித் தெரியும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் தடவி எழுத்தைத் தெரியவைக்க வேண்டாம். அப்புறம் நல்ல தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். பாசியை நன்றாக ஊறவிட்டு மரக்குச்சியால் நெம்புங்கள். பிளீச்சிங் பவுடர், சோப்புத்தூள், கம்பி பிரஷ், வண்டி கழுவும் பம்பு எதுவும் கூடாது. எனாமல் பெயின்ட் அடிக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய மேடைக்குச் சிமென்ட் பூசினாலும் இதே கதி, நாலைந்து மழையில் செங்கல் உள்ளேயே பொடியாகிவிடும். மெழுகுவத்தியைக் கல்மேல் ஒட்டாமல் மணல் போட்ட தட்டில் வையுங்கள். சாய்ந்த கல்லை நீங்களாக நிமிர்த்தாதீர்கள், அடியோடு முறியும், காலில் விழும். லேசாகக் கறுத்திருந்தால் இருக்கட்டும். நூறு வருடக் கல் நூறு வருடக் கல்லாகத்தான் தெரியும்.

அந்த அம்மாவின் கல்லுக்கு என்னால் ஒன்றுதான் செய்ய முடிந்தது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு கல்லாகப் படுக்கவைத்து, ஒவ்வொரு பக்கமாக நகர்த்திப் பார்த்தோம். நாலாவது தடவையில் 18-க்குப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று, அது 7. கடைசி எண் கிடைக்கவில்லை. பத்து வருடத்துக்குள் என்று தெரிந்ததால் ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டில் 1870-லிருந்து பார்க்கலாம் என்றேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் பேத்தியோடு உட்கார்ந்து பக்கம் புரட்டுகிறார். போன வாரம் 1874-ல் இருந்தார்கள்.