சர்வர் பேனல் நிறுவும் முன் இன்ஸ்டாலர் என்னதான் சோதிக்கிறது?

சிபேனல், ப்ளெஸ்க் மாதிரி ஒரு சர்வர் மேலாண்மை மென்பொருளை நிறுவச் சொன்னால், அது உடனே வேலையைத் தொடங்காது. முதலில் சர்வரைத் துருவிப் பார்க்கும். ஏதாவது பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மென்பொருள்கள் வெப் சர்வர், மின்னஞ்சல், டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை), டேட்டாபேஸ் என்று எல்லாவற்றிலும் கை வைப்பவை. பாதி நிறுவியபின் சிக்கிக்கொண்டால் பழைய நிலைக்கும் போக முடியாது, மேலேயும் போக முடியாது.

முதலில் இயங்குதளம். லினக்ஸில் 'ஓஎஸ்-ரிலீஸ்' என்றொரு சின்ன உரைக் கோப்பு இருக்கிறது. அதிலிருந்து பெயரையும் பதிப்பு எண்ணையும் இன்ஸ்டாலர் படித்துக்கொள்ளும். அந்தக் கோப்பைத் திருத்திப் பொய் சொன்னால் இந்தச் சோதனை தேறிவிடும். பிரச்சினை அப்புறம்தான் வரும். எந்த லைப்ரரி (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எந்தப் பதிப்பில் இருக்கும், பேக்கேஜ்கள் எந்தக் களஞ்சியத்திலிருந்து இறங்கும் என்பதையெல்லாம் அந்தப் பெயரை நம்பித்தான் இன்ஸ்டாலர் முடிவு செய்கிறது. பெயரைத் திருத்துவதால் உள்ளே இருப்பது மாறப்போவதில்லை.

உள்ளே இருப்பவற்றில் முக்கியமானது ஜிலிப்சி எனப்படும் அடிப்படை சி லைப்ரரி. கோப்பைத் திறக்க, மெமரி வாங்க, நெட்வொர்க்கில் பேச, ஏறக்குறைய எல்லா நிரல்களும் இதைத்தான் அழைக்கின்றன. இதிலுள்ள ஃபங்ஷன்கள் மேல் எந்தப் பதிப்பைச் சேர்ந்தவை என்ற முத்திரை இருக்கும். ஒரு நிரலை கம்பைல் செய்யும்போது, அதாவது எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும்போது, அது பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் முத்திரைகளும் அதற்குள் பதிவாகிவிடும். சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் இருப்பது ஜிலிப்சி 2.17. அல்மாலினக்ஸ் 9 என்ற புதியதில் 2.34. பழைய முத்திரைகளைப் புதிய ஜிலிப்சி பத்திரமாக வைத்திருப்பதால், 7-இல் கம்பைல் செய்தது 9-இல் பெரும்பாலும் ஓடிவிடும். தலைகீழாக முயன்றால், '2.34 கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரிப் பிழையோடு நிரல் தொடங்கும் முன்பே நின்றுவிடும். சரி, ஜிலிப்சியை மட்டும் தனியாகப் புதுப்பித்தால் என்ன? வேண்டவே வேண்டாம். லாகின் செய்யும் நிரல்கூட அதை நம்பித்தான் ஓடுகிறது. கொஞ்சம் பிசகினாலும் சர்வருக்குள் நுழையவே வழியிருக்காது.

அடுத்தது சிபியு. 64 பிட் என்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எக்ஸ்86-64 எனப்படும் இன்டெல், ஏஎம்டி 64 பிட் வகைக்கு உள்ளேயே, சிபியுவுக்குத் தெரிந்த கட்டளைகளைப் பொறுத்து வி1 முதல் வி4 வரை நிலைகள் உண்டு. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-க்குக் குறைந்தது வி2 வேண்டும், 10-க்கு வி3 வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அண்மையில் வாங்கிய சிபியுவின் மேல் ஓடும் மெய்நிகர் சர்வர்கூட வி2 சோதனையில் தோற்கலாம். ஹைப்பர்வைசர் என்பது மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள். அதன் சில அமைப்புகள், எந்தக் கணினிக்கும் சர்வரை இடம் மாற்ற வசதியாக, மிகப் பழைய பொதுவான சிபியு மாதிரியையே உள்ளே காட்டும். உண்மையான சிபியுவுக்குத் தெரிந்த கட்டளைகள் பல உள்ளே தெரியாமலே போய்விடும். ஹைப்பர்வைசரில் சிபியு மாதிரியை 'ஹோஸ்ட்' என்று மாற்றிவிட்டு சர்வரை நிறுத்தித் தொடங்கினால் தீர்ந்தது.

ராம், டிஸ்க் அளவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க்கில் இடம் காலியாக இருந்தாலும் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்பையும் பற்றிய விவரம் வைக்கும் பதிவுகள்) தீர்ந்துவிட்டால் புதுக் கோப்பு உருவாகாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

போர்ட்டுகள், அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் சேவையும் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல்கள், கொஞ்சம் சுவாரசியமானவை. 80, 443, 25, 53 ஆகியவற்றை வேறு யாராவது பிடித்திருக்கிறார்களா என்று இன்ஸ்டாலர் பார்க்கும். உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற டிஎன்எஸ் தேடல் சேவை 127.0.0.53 என்ற முகவரியில் 53-ஐப் பிடித்திருக்கும். எல்லா முகவரிகளையும் சேர்த்து 53-ஐக் கேட்கும் டிஎன்எஸ் சர்வர் இதனால் முட்டிக்கொள்ளும். பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் போல முகவரிக்கு முகவரி தனித்தனியாகப் பிடிப்பது சிக்கலில்லாமல் ஓடும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து 'போர்ட் காலியில்லை' என்று சொல்லும் சோதனை அரைகுறைதான்.

சோதனை எல்லாம் தேறியும் நிறுவல் நிற்பதுண்டு. ரூட்டாகவே, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராகவே ஓட்டுகிறீர்கள், ஆனாலும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வருகிறது. அப்போது தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவின் மவுண்ட் அமைப்பை, அதாவது அது சர்வரோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். பாதுகாப்புக்காக அதில் 'நோஎக்ஸெக்' (இங்கிருந்து எதையும் இயக்காதே) போட்டிருந்தால், இன்ஸ்டாலர் அங்கே பிரித்து வைத்த நிரல் எதையும் ரூட்டால்கூட நேரடியாக இயக்க முடியாது. அதைத் தற்காலிகமாக எடுத்து ரீமவுண்ட் செய்துவிட்டு, நிறுவி முடித்ததும் திரும்பப் போட்டுவிடலாம்.