நானோ: குள்ளனுக்குத் தமிழில் என்ன பெயர்?

அல்சூரில் இருக்கும் அக்கா மகள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். தாளில் ‘நுண்தொழில்நுட்பம்’ என்று தலைப்பு எழுதி வைத்திருந்தாள். “நானோடெக்னாலஜிக்கு இதுதானே மாமா?” என்றாள். சட்டென்று ஆமாம் என்று சொல்ல வரவில்லை.

கிரேக்கத்தில் ‘நானோஸ்’ என்றால் குள்ளன். அளவுக்கு முன்னால் ‘நானோ’ என்று ஒட்டினால் நூறு கோடியில் ஒரு பங்கு. 1960-இல் பன்னாட்டு அலகு முறையில் இடம்பெற்ற இந்த முன்னொட்டை, 1974-இல் ஜப்பானியர் நோரியோ தனிகுச்சி தொழில்நுட்பத்தோடு சேர்த்தார். நம் தெருக்களில் அதைப் பரப்பியது என்னவோ டாடாவின் கார்தான். அதன் நீளம் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது 300 கோடி நானோமீட்டருக்கும் மேல். நல்ல குள்ளன்!

சரி, ‘நுண்’ ஏன் ஆகாது? அந்த சீட்டில் மைக்ரோ முன்பே துண்டு போட்டுவிட்டது. நுண்ணுயிர், நுண்ணோக்கி எல்லாம் அதன் சொத்து. பாக்டீரியா பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் நீளம். நானோ, மைக்ரோவில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளதைத்தான் நானோ அளவு என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். அதனால் பள்ளிக்கூட நுண்ணோக்கியில் எவ்வளவு திருகினாலும் இவை பிரிந்து தெரியாது. நுண்ணோக்கிக்கே பிடிபடாததை நுண் என்று எப்படிச் சொல்ல?

‘அணு’ என்று வைக்கலாமே என்பார்கள். அணுத் தொழில்நுட்பம் என்றதும் எல்லாருக்கும் கல்பாக்கம்தான் ஞாபகம் வரும்.

என் ஓட்டு ‘மீநுண்’ணுக்கு. மீயொலி, மீத்திறன் என்று நாம் பழகிய அதே ‘மீ’. மிகுதி, மேல் என்று பொருள். துறைக்கு மீநுண்தொழில்நுட்பம், துகளுக்கு மீநுண்துகள். அலகை மட்டும் நானோமீட்டர் என்றே விட்டுவிடலாம். கிலோமீட்டரை நாம் மாற்றினோமா என்ன?

ஒரு குறை உண்டு. எந்தப் பெயரும் சிறுமையை மட்டுமே சொல்கிறது. குணம் மாறுவதைச் சொல்வதில்லை. தங்கத்தை 20 நானோமீட்டர் துகளாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால், மஞ்சள் போய் மாதுளைச் சாறு மாதிரி சிவந்துவிடும்.

அவள் பேனாவை எடுத்தாள். தலைப்புக்கு முன்னால் இடமில்லை. ஓரக் கோட்டுக்கு வெளியே ஒரு ‘மீ’யை நெருக்கி எழுதினாள்.