மெசாவை பில்ட் பண்ணுங்க, சிஸ்டம் மேல போட்டுடாதீங்க

இறுதியாண்டு படிக்கும் பாலக்கோட்டுப் பையன் ஒருவன் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். உபுண்டு லோகோ வரை வருகிறது, அதற்கப்புறம் வெறும் கறுப்புத் திரை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுப்பதும், கெட்டுப்போன சிஸ்டங்களை மீட்டுத் தருவதும் என் தொழில். இதே கறுப்புத் திரையோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். காரணமும் மாறுவதில்லை. யாரோ வீடியோவில் காட்டியபடி மெசா என்ற கிராபிக்ஸ் டிரைவர் நூலகத்தின் சோர்ஸை (மூலநிரலை) இறக்கி, கம்பைல் செய்து (அதாவது பில்ட் பண்ணி), கடைசியில் சூடோ என்ற நிர்வாகி அனுமதியோடு ‘நிஞ்சா இன்ஸ்டால்’ என்ற கட்டளையை அடித்திருப்பார்கள்.

“ஏன்ப்பா இப்படிச் செஞ்ச?” என்றேன்.

“ஓப்பன் சோர்ஸ் டிரைவர்ணா. நாமதானே பில்ட் பண்ணிப் போட்டுக்கணும்?”

இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் வேர். சோர்ஸைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறார்கள். அதை நீங்களே கம்பைல் செய்துதான் பயன்படுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் டிரைவரில் பாதி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல்லுக்கு ஐ915, ஏஎம்டிக்கு 2015-இல் கெர்னல் 4.2-இல் சேர்ந்த ஏஎம்டிஜிபியு. மறுபாதி மெசா. 1993-இல் பிரையன் பால் தொடங்கி, இன்று வரை பலர் சேர்ந்து வளர்த்துவரும் நூலகம் அது. உபுண்டு போட்ட அன்றே இரண்டும் உங்கள் மெஷினுக்கு வந்துவிட்டன. ஏற்கெனவே இருக்கிற அந்த மெசா பேக்கேஜும் இதே சோர்ஸிலிருந்து பில்ட் ஆனதுதான். விண்டோஸில் டிரைவர் சிடி தேடிய பழக்கத்தோடு இங்கே வந்து தேடாதீர்கள்.

புது வெர்ஷன் வேண்டுமென்றால் உங்கள் டிஸ்ட்ரோவின் (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பின்) அப்டேட்டை ஓட்டுங்கள். நீண்ட கால ஆதரவுள்ள உபுண்டு எல்டிஎஸ் போட்டவர்களுக்கும் புது மெசா அவ்வப்போது வந்து சேர்கிறது.

என்விடியா கதை வேறு. அதையும் டிஸ்ட்ரோ தருகிற பேக்கேஜாகவே போடுங்கள். 2022 மே மாதம் அந்த நிறுவனம் தன் கெர்னல் மாட்யூல்களைத் திறந்துவிட்ட செய்தியைப் படித்துவிட்டு, ஃப்ளெக்ஸ் கடையில் கிடக்கும் ஜிடி 710 கார்டுக்கு அதை கம்பைல் செய்ய உட்காருகிறார்கள். அந்த மாட்யூல்கள் டூரிங் தலைமுறை கார்டுகளுக்கும் அதற்குப் பின் வந்தவைக்கும் மட்டும்தான். ஜிடி 710 அதற்கு முந்தைய கெப்ளர் காலத்துக் கார்டு, 470 வரிசை டிரைவரோடு அதற்கான ஆதரவு நின்றுவிட்டது. எத்தனை ராத்திரி கண்விழித்தாலும் அது ஓடாது.

பையன் கதைக்கு வருகிறேன். வீடியோ போட்டவரிடம் ஏஎம்டி மெஷின். அதனால் எந்தெந்த டிரைவரை பில்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் ‘கேலியம்-டிரைவர்ஸ்’ என்ற இடத்தில் ஏஎம்டிக்கான ரேடியான்எஸ்ஐ மட்டும் கொடுத்திருக்கிறார். பையனுடையது இன்டெல். அவன் பில்ட் செய்த மெசாவில் இன்டெல்லுக்கான ஐரிஸும் இல்லை, சிபியுவை வைத்தே படம் வரையும் எல்எல்விஎம்பைப்பும் இல்லை. திரை எப்படி வரும்? மெசாவை பில்ட் செய்ய உதவும் மீசான் என்ற கருவி, இன்ஸ்டால் செய்யத் தானாக எடுத்துக்கொள்ளும் இடம் யூஎஸ்ஆர்-லோக்கல் ஃபோல்டர். உபுண்டு நூலகங்களைத் தேடும்போது அங்கேதான் முதலில் பார்க்கும். ஆகவே உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் வைத்து மெசா பேக்கேஜை எத்தனை முறை திரும்பப் போட்டாலும் பயன் இல்லை. நல்ல பேக்கேஜ் பின்னால் நிற்கிறது, உடைந்தது முன்னால் நிற்கிறது. இது தெரியாமல் ஒரு கடையில் ஃபார்மட் செய்து கொடுத்து, இன்னொரு மாணவியின் புராஜெக்ட் முழுதும் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஃபார்மட் தேவையே இல்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். லாகின் செய்து, பில்ட் ஃபோல்டருக்குள் போய், சூடோவோடு ‘நிஞ்சா அன்இன்ஸ்டால்’. அவ்வளவுதான். எதை எங்கே போட்டோம் என்ற பட்டியல் அந்த ஃபோல்டரில்தான் இருக்கும். இன்ஸ்டால் முடிந்ததும் இடம் அடைக்கிறதென்று அதை அழித்துவிடுகிறீர்களே, அழிக்காதீர்கள்.

கற்றுக்கொள்ளத்தான் பில்ட் செய்கிறீர்களா? மனதார வரவேற்கிறேன், ஆனால் இன்ஸ்டால் செய்யாதீர்கள். ‘மீசான் டெவ்என்வ்’ என்றொரு கட்டளை இருக்கிறது. அதற்குள்ளிருந்து ஓட்டும் புரோகிராமுக்கு மட்டும் உங்கள் மெசா கிடைக்கும், டெஸ்க்டாப் பழையபடியே ஓடும். தேவையான பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகத் தேடி அலையாமல் ‘ஆப்ட் பில்ட்-டெப் மெசா’ போடுங்கள். அதற்கு முன் உபுண்டு அமைப்புகளில் சோர்ஸ் ரெபாசிட்டரியை (சோர்ஸ் பேக்கேஜ்கள் இருக்கும் களஞ்சியத்தை) திறந்துவைக்க வேண்டும். 4 ஜிபி ரேம்தான் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை மட்டும் ஓடும்படி நிஞ்சாவுக்கு ‘-ஜே2’ கொடுங்கள், இல்லையென்றால் மெஷின் திணறிப்போகும். உங்கள் கார்டுக்கு எந்த டிரைவர் என்று முதலில் பாருங்கள். இன்டெல் கோர் வரிசையில் நான்காம் தலைமுறை வரை குரோகஸ், ஐந்தாம் தலைமுறையிலிருந்து ஐரிஸ். கெர்னலில் கை வைப்பதாக இருந்தால் பழைய கெர்னலை, மெஷின் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் விட்டுவையுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 2011-இல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய இன்டெல் மெஷின்கள் நம் ஊர் வீடுகளில் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. மெசாவில் வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் அந்த வன்பொருள் இருக்காது. புது வெர்ஷனில் ஏதாவது உடைந்தால், ‘கிட் பைசெக்ட்’ வைத்து எந்த மாற்றத்தில் உடைந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். சிப்பின் கையேட்டை முழுதும் படிக்காமலே டிரைவருக்கு நீங்கள் செய்யக்கூடிய நிஜமான உதவி அது. “ஸ்கிரீன் வரலை” என்று ஒற்றை வரி எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி’ (பெரிய எழுத்து B) காட்டும் ரெண்டரர் பெயர், மெசா வெர்ஷன், கெர்னல் வெர்ஷன், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) வெளியீடு, இவை நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். என்னிடம் லேப்டாப்பைக் கொண்டுவரும்போதும் இவற்றில் எழுத்துத் திரையிலிருந்து எடுக்க முடிந்ததை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்து வாருங்கள்.